சட்டையைக் கழற்றிய பதினோரு விநாடி

நெய்வேலி,
வியாழக்கிழமை.

அன்புள்ள ஜெயப்பிரகாஷுக்கு அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறோம், அங்கே நீயும் மருமகளும் குழந்தையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகன் துணை நிற்கட்டும். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றுதான் எழுதினேன், மனசு நாலு நாளாகச் சரியில்லை. போனில் சொன்னால் நீ சிரித்துக்கொண்டே குழந்தையிடம் போனைக் கொடுத்துவிடுகிறாய், அதனால்தான் பேப்பரில் எழுதி நாசர் மாமாவின் தங்கை மகன் அஷ்ஃபாக் கையில் கொடுத்தனுப்புகிறேன். லீவு முடிந்து அவன் நாளை மஸ்கட்டுக்குக் கிளம்புகிறான். அவன் தரும் பையில் முறுக்கும் எள்ளுருண்டையும் இருக்கும், அதற்கு அடியில் ஒரு சால்வையும் இருக்கும், அதை எடுத்துக் கட்டிலில் போட்டுவிடாதே, பிறகு சொல்கிறேன்.

போன டிசம்பரில் நாங்கள் உன்னிடம் வருவதற்கு முன்னால் அம்மா என்ன பாடு பட்டாள் என்று உனக்குத் தெரியாது. அந்த ஊரில் டிசம்பரிலும் வெயில் அடிக்கும், ஆனாலும் கை கால் மூடித்தான் சுற்றிப்பார்க்கப் போக வேண்டும் என்று யாரோ சொல்லிவிட, நேராக நாசர் வீட்டுக்குப் போய் அவர் சம்சாரம் கமர் நிஷாவிடம்தான் கேட்டாள். அந்தப் பெண் ஒரு வாரம் உட்கார்ந்து நமக்காகத் தைத்தாள். அம்மாவுக்குக் கணுக்கால் மறையும் காட்டன் சுடிதார், மணிக்கட்டு வரைக்கும் கை, தலைக்குப் போட ஒரு துப்பட்டா. ஐம்பத்தைந்து வயதில் முதல் சுடிதார், போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று அவளே சிரித்தாள். எனக்கு வெள்ளையில் முழுக்கைச் சட்டை, காற்று போக வேண்டும் என்று கொஞ்சம் லூசாக. இதையெல்லாம் பார்த்துவிட்டு நீதான் அதெல்லாம் அந்தக் காலம்ப்பா, டூரிஸ்ட்டை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள் என்றாய். சொன்ன நீ முழங்கால் தெரியும் டிராயரோடு வந்தாய், பெரிய பள்ளிவாசல் கேட்டிலேயே உன்னை நிறுத்திவிட்டார்கள். நானும் அம்மாவும்தான் உள்ளே போனோம். நீ வெளியில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாய்.

நான் செய்தது முட்டாள்தனம்தான், இல்லை என்று சொல்லவில்லை. வருஷா வருஷம் திருச்செந்தூர் போகிறவன், சந்நிதிக்கு முன்னால் சட்டையோடு நின்று எனக்குப் பழக்கமில்லை. செருப்பை விட்டேன், அவ்வளவு பெரிய கதவைப் பார்த்தேன், சாமி இருக்கிற இடம் என்று மனசில் பட்டதும் கை தானாகப் பொத்தானுக்குப் போய்விட்டது. கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டபடி நின்றேன், மரியாதை என்று நினைத்துத்தான். அந்தக் காவல்காரப் பெரியவர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். வந்தவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து என் மேல் போர்த்தினார், பாபா பாபா என்று ஏதோ சொன்னார், நான் சட்டையை மாட்டி முடிக்கும் வரைக்கும் எனக்கு முதுகு காட்டி, போகிற வருகிறவர்கள் பார்க்காதபடி மறைத்து நின்றார். அம்மா அழுதே விட்டாள். இதையெல்லாம் நீயும் கேட்டிலிருந்து பார்த்தாய்.

பார்த்த நீ என்ன செய்தாய்? அவர் ஓடி வருகிற வரைக்கும் பதினோரு விநாடியை வெட்டியெடுத்து, சிரிப்புக்கு என்று சொந்தக்காரர் குரூப்பில் போட்டாய். அது எங்கெங்கோ சுற்றி எங்கள் செக்‌ஷன் குரூப்புக்கே வந்துவிட்டது, வரும்போது வேறு ஒரு தலைப்போடு வந்தது. அரபு நாட்டில் தமிழ்ப் பெரியவருக்கு நேர்ந்த கொடுமையாம். கையை ஓங்கிக்கொண்டு அடிக்க வருகிறாராம். எந்தக் கை இதை எழுதியதோ.

திங்கட்கிழமை முதல் ஷிஃப்ட், மைன்ஸ் கேண்டீனில் தெய்வசிகாமணி அதை எல்லாருக்கும் போட்டுக் காட்டினான். “நம்ம ஆள அங்க எப்படி வெரட்டிக்கினு வரான் பாருங்கய்யா. அண்ணே, நீங்க ஏன் இத்தினி நாளா வாயே தொறக்கல?” என்று என் தோளில் கை போட்டான். நாலு பேர் உச்சுக் கொட்டினார்கள். ஒருவன் எனக்கு டீ வாங்கி வந்து வைத்தான். எதிரில் நாசர் உட்கார்ந்திருந்தார், இருபத்திரண்டு வருஷமாக ஒரே கன்வேயரில் என்னோடு நின்றவர். அவர் என்னையே பார்த்தார். அடா, அது அப்படி இல்லை, நான்தான் கிறுக்குத்தனம் பண்ணினேன் என்று ஒரு வரி சொன்னால் முடிந்தது. நான் சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் முட்டாளாக நிற்பதைவிட அவமானப்பட்டவனாக உட்கார்ந்திருப்பது சுலபமாக இருந்தது. அந்த டீயையும் குடித்தேன். நாசர் பாதி கிளாசோடு எழுந்து போய்விட்டார். தலைப்பு எழுதினவன் மேலும் உன் மேலும் இருக்கிற அருவருப்பு எல்லாம் சேர்ந்தாலும் அந்த டீயைக் குடித்த என் மேல் இருக்கிற அளவுக்கு வராது.

நேற்று மார்க்கெட்டில் கமர் நிஷா எதிரே வந்தாள். கோபமாக ஏதாவது கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வீடியோவைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சட்ட கழுத்தப் புடிச்சிக்கினு இருந்துச்சாண்ணே? சொல்லியிருந்தா பிரிச்சித் தச்சிருப்பேனே” என்றாள். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன், அம்மா நேற்றிலிருந்து உன்னோடு பேசாததற்கு இதுதான் காரணம்.

உன்னிடம் முந்தாநாள் கேட்டதற்கு விடுங்கப்பா, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றாய். நாசர் மறக்க மாட்டார் தம்பி. முழு வீடியோ உன் போனில் இருக்கிறது. அவர் சால்வை போர்த்துவதும் முதுகு காட்டி நிற்பதும் அதில் இருக்கும். இந்தக் கடிதம் கிடைத்த உடனே அதை வெட்டாமல் அப்படியே குரூப்பில் போடு, எனக்கும் அனுப்பு. இன்று சாயங்காலம் அஷ்ஃபாக்கிடம் கடிதத்தைக் கொடுக்க நாசர் வீட்டுக்குப் போகிறேன், அந்த வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போவேன், நடந்ததை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அவர் உட்காரச் சொல்வாரா என்று தெரியாது, நின்றுகொண்டே சொல்வேன். வருகிற திங்கட்கிழமை கேண்டீனிலும் சொல்வேன், வீடியோ வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி. சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

இனி சால்வை விஷயம். தோளில் துண்டு கிடந்து பழகியவனுக்கு அவருடைய சால்வை தோளில் கிடந்ததே தெரியவில்லை, துணியோடு துணியாகப் பெட்டிக்குள் போய்விட்டது, ஊருக்கு வந்து பெட்டியைத் திறந்தபோதுதான் பார்த்தோம். அம்மா துவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். நீயே நேரில் போய் அவரிடம் கொடு, அப்பா மன்னிப்புக் கேட்கிறார் என்று சொல், அவர் பெயர் என்ன என்று கேட்டு எனக்கு எழுது. இத்தனை நடந்தும் அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

குழந்தைக்குத் தலையில் எண்ணெய் வைக்கச் சொல், ஏசியிலேயே படுக்க வைக்காதே. நீயும் உன் குடும்பமும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும், திட்டி எழுதினாலும் அதுதான் என் ஆசை. மறக்காதே, அங்கே போகும்போது கால் மறையும் பேண்ட்டைப் போட்டுக்கொண்டு போ. இந்தத் தடவை நீ வெளியில் நின்றுவிடக் கூடாது.

இப்படிக்கு,
உன் அப்பா,
கருணாகரன்.