மீட்டருக்கு ஒரு உறை

மார்ச் 3

அக்கா,

நலம் விசாரிப்பு பிறகு. பார்சலில் வருவது காற்றிலுள்ள நுண்ணிய புகைத்தூளை அளக்கும் மீட்டர். மொட்டைமாடியில் வை. தலைக்கு மேல் விமானம் ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணைக் குறி. உன் பெண் குட்டிக்கு ஏன் மூச்சு இழுக்கிறதென்று டாக்டர் டாக்டராக அலைந்தது போதும். ஐம்பதைத் தாண்டினால் வீட்டை மாற்று. பேச்சே கிடையாது.

தம்பி

ஏப்ரல் 6

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, இல்லை மிஷினோடுதான் குடித்தனமா? எண்கள் எல்லாமே பத்து, பன்னிரண்டுதான். விமானத்தில் பெட்டி ஏற்றிவிட்டு நடந்தே வீடு வரும் உன் மாமாவுக்கு ஒரே குஷி. “பாத்தியா, உன் தம்பி மிஷினே சொல்லிடுச்சு, நம்ம வீடு நல்ல வீடுன்னு” என்கிறார். குட்டிக்குத்தான் இருமல் நிற்கவில்லை.

மீட்டரைக் கண்ணாகப் பார்த்துக்கொள்கிறேன். இங்கே கொடியில் போட்ட துணி அரைநாளில் கறுத்துவிடும். அதனால் வெள்ளைத் துணியில் இரண்டு மடிப்பாக உறை தைத்து மாட்டியிருக்கிறேன்.

அக்கா

ஏப்ரல் 11

அக்கா,

உறையா! மூக்கைப் பொத்திவிட்டு மோப்பம் பிடிக்கச் சொல்லியிருக்கிறாய். ஒரு மாதம் வீண். உடனே கழற்று. படித்தவள்தானே நீ?

தம்பி

ஏப்ரல் 20

அன்புத் தம்பிக்கு,

கழற்றினேன். விமானம் ஏறும்போது நூற்று நாற்பது.

உறைக்கு வெளிப்பக்கம் அடுப்புக்கரியாய்க் கறுப்பு, உள்பக்கம் வெள்ளை. மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மிஷினுக்குத் தச்சிட்ட. புள்ளைக்கு எப்படித் தைப்ப?” என்றார். அப்புறம் சாப்பிடவில்லை.

விமானச் சத்தம் கேட்காத தொலைவில் வீடு பார்த்துவிட்டோம். மாமா இனி இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறாராம். சாமான் ஏற்ற நீ வந்தால் தேவலை. விமானத்தில் வந்தால் இரண்டு மணி நேரம்தானே. திட்டினாலும் நேரில் வந்து திட்டு.

அக்கா

ஏப்ரல் 26

அன்புள்ள அக்கா,

அப்படி எழுதியிருக்கக் கூடாது. மீட்டரை எப்படி வைப்பதென்று ஒரு வரி நான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மூன்று வருடமாக ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஜன்னல் வழியாக உன் மாடியைத் தேடுவேன். குட்டி சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டு நிற்பாள். விமானம் தெரிவதற்கு அரைமணி முன்பே மாடி ஏறிவிடுவாள் என்று நீதான் சொன்னாய். அங்கே நிற்கச் சொன்னவன் நான்.

ரயிலில் வருகிறேன். ஒன்றரை நாள் ஆகும், ஆகட்டும். வெள்ளிக்கிழமை காலை வாசலில் இருப்பேன். குட்டியைத் துண்டோடு அங்கே நிற்கச் சொல். மாடிக்கு வேண்டாம்.

உன் தம்பி