சிவப்பு மையில் முருகனுக்குக் கண்

என் பிரியமுள்ள அண்ணா,

தோபிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். அருவருப்பு இன்னும் போகவில்லை.

நேற்று வீட்டுப் பத்திரத்தின் நகல் வாங்க, நீ பாடம் சொன்ன அந்தப் பழைய கட்டடத்துக்குப் போனேன். டிசைன் ஸ்கூலை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, இப்போது சர்க்கார் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். உன் பிள்ளைகள் பூவும் கொடியும் வரைந்து பழகிய ஹாலில் மூட்டை மூட்டையாகக் காகிதம். மாடிப்படிச் சுவர் முழுக்க வெற்றிலை எச்சில். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினேன்.

படி திரும்பும் மூலையில் உன் முருகன் தொங்குகிறான், அண்ணா! கண் மட்டும் பாக்கி வைத்துவிட்டு நீ போனாயே, அதே படம். மயிலின் காலில் வெள்ளைப் பெயிண்டில் ஆபீஸ் நம்பர். கண் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்பு மையில் இரண்டு புள்ளி.

“யாருய்யா இதைச் செஞ்சது?”

“நான்தாம்மா,” என்றார் குமாஸ்தா, பெருமையாக. “சாமி படம் மாட்டினா துப்ப மாட்டாங்கன்னு மாட்டினோம். கண்ணில்லாத சாமிக்கு எவன் பயப்படுவான்? அதான் வெச்சுட்டேன்.”

“இப்பவும் துப்பித்தானே வெச்சிருக்காங்க!”

“ஸ்வல்பம் தள்ளித் துப்பறாங்கல்ல?”

முருகனை எச்சிலுக்குக் காவல் நிறுத்த எப்படி மனசு வந்தது? வெள்ளிக்கிழமை பூ வேறு சாத்துகிறார்களாம். கும்பிட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பித் துப்புவார்கள். சீ!

“என் அண்ணன் வரைஞ்சது. கொடுத்துடுங்க” என்று கேட்டேன்.

“நம்பர் போட்ட சாமானும்மா, வெளியே போகக் கூடாது. துடைக்கணும்னா வந்து துடைச்சுக்குங்க.”

அவர்களை மட்டும் திட்டி என்ன? “நல்ல நாள் நீயே பார்த்துச் சொல்லு, கண் திறக்கிறேன்” என்று என்னிடம்தானே விட்டாய். ஆடி கழியட்டும் என்றேன். ஆவணியில் உனக்குக் காய்ச்சல் வந்தது; புரட்டாசி பிறக்கும்போது நீ இல்லை. பஞ்சாங்கத்தை அத்தனை முறை பார்த்தவள், உன் முகத்தை ஒரு முறை பார்த்திருக்கக் கூடாதா?

வருகிற கிருத்திகைக்குப் போகிறேன். நீ கசக்கிப் போட்ட தாள்களைப் பார்த்து நானாகப் பழகிய கை இது. இரண்டு கண் வரையாதா? உன் பிரஷ் என்னிடம்தான் இருக்கிறது. ஆனால் கண் திறந்ததும் சாமி முதலில் நல்லதைப் பார்க்க வேண்டும் என்பாயே. அதனால் முதலில் வாளியும் துடைப்பமும். எதிர்ச்சுவரை மேலிருந்து கீழ்வரை கழுவிய பிறகுதான் கண்.

நாள் தள்ளிப்போட்ட உன் தங்கை,
கனகம்மா
ஆஸ்டின் டவுன்