சராசரியில் ஏறிய பெண்கள்

மாசி 12, செவ்வாய்.

எங்கள் அலுவலகத்தில் ஆண், பெண் சம்பள வித்தியாசம் இன்றோடு ஒழிந்தது. வழி சொன்னவள் நான்.

"பொம்பளைங்க சராசரி ரொம்பக் கீழ இருக்குதுங்க மேடம். செலவு கூடாம சரி பண்ணணும்" என்றார் மேலாளர், போன மாதம். பெண்களிலேயே குறைந்த சம்பளம், கூட்டிப் பெருக்கும் ஒன்பது பேருக்கு. அவர்களை ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிட்டால் மீதிப் பெண்களின் சராசரி தானாக ஏறும் என்றேன். அங்கே அவர்கள் சம்பளம் இன்னும் குறையும். ஆனால் அது எங்கள் கணக்கில் வராது. இன்று உத்தரவு வந்தது. எனக்குக் கைதட்டினார்கள்.

மாலையில் சின்னத்தாயி என் மேஜைக்கு வந்தாள். ஒன்பது பேரில் ஒருத்தி, சித்தேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவள். யாரோ அவளுக்கு நேற்றே பாதிச் செய்தியைச் சொல்லியிருக்கிறார்கள்.

"ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் ஒரே சம்பளம்னு நீங்கதான் பண்ணிக் குடுத்தீங்களாமே மேடம். எங்க காட்டுச் சாமைங்க, வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு பையை வைத்தாள்.

"சரி, வை" என்றேன். ஒன்றாம் தேதி ஒப்பந்தக்காரர் சொல்லிக்கொள்ளட்டும்.

ராத்திரி அந்தச் சாமையைத்தான் பொங்கினேன். பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். கல் ஒன்றுகூட இல்லை. உட்கார்ந்து பொறுக்கியிருக்கிறாள்.