கல்யாண வண்டியின் பானட்

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், மனசின் சுகத்தைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, முகமூடி இல்லாமல் ரெசின் பக்கம் போகாமல், நல்லபடியாக இருக்க வேண்டும். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிக்காதே, நீ போனை எடுத்திருந்தால் நான் ஏன் பேனாவை எடுக்கப்போகிறேன். அன்றைக்கு அப்பாவிடம் பேசிவிட்டு அணைத்த போன் இன்னும் அணைந்தே கிடக்கிறது, நீங்கள் அழைத்தவர் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் சொல்கிறாளே, அவள் எனக்கு மருமகளாக வந்தாலும் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன். நம் பெயிண்ட் கடைக்காரரின் மருமகன் நாளைக் காலை உன் ஊர்ப் பக்கம் கிளம்புகிறார், உன் படகுப் பட்டறை வாசலில் நின்று உன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நகர்வேன் என்று சொல்லியிருக்கிறார். நின்ற இடத்திலேயே முழுவதும் படி. பாதியில் மடித்துப் பையில் வைக்கிற கடிதம் இல்லை இது.

அக்கா குழந்தையோடு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போனாள், குட்டி தவழ்ந்து தவழ்ந்து பட்டறை வரைக்கும் வந்துவிடுகிறது என்று அப்பா நடைக்கதவுக்குக் குறுக்கே ஒரு பழைய மட்கார்டை நிறுத்திவைத்தார், அது அதையே பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டது. மாடித் தொட்டிக்குப் புது மூடி போட்டாயிற்று, அதுவும் ஃபைபர்தான், நம் வீட்டில் ஃபைபரில் செய்யாதது சாப்பாடு ஒன்றுதான். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்த கண் இப்போது நன்றாகத் தெரிகிறது. தெரிய வேண்டியதற்கு மேலேயே தெரிந்துவிட்டது, அதைச் சொல்ல வாய் வராமல்தான் மூடி, மட்கார்டு என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

பல் டாக்டரின் பழைய வண்டிக்கு நாம் செய்துகொடுத்த பானட், ஓடிக்கொண்டிருக்கும்போதே பூட்டு பிடுங்கிக்கொண்டு மேலே எழும்பி முன்கண்ணாடியை மறைத்ததும், அவர் ரோடு தெரியாமல் சுவரில் மோதித் தோள் எலும்பை உடைத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. பானட் மூக்கின் உள்பக்கம் பூட்டு மாட்டுகிற இரும்புத் தகட்டை வைத்து மேலே கண்ணாடி இழை மேட்டை ரெசினில் நனைத்துப் போட்டு ஒட்டுகிறோமே, அந்த ஒட்டு அப்படியே வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்துவிட்டது, அடியில் வழவழவென்று இருக்கிறது என்று அவருடைய மெக்கானிக் சொன்னார். வழவழப்பு என்ற ஒரு சொல் போதும் அப்பாவுக்கு. காய்ந்த ரெசின் மேல் மெழுகு ஏறி நிற்கும், அதை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துச் சொரசொரப்பாக்காமல் மேலே எதை ஒட்டினாலும் நிற்காது என்பது நீ பல்லு முளைக்கும்போதே கேட்ட பாடம். உடனே உனக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், எல்லாம் கேட்டது. டாக்டர் பானட்டில் தகடு ஒட்டினது யாருடா என்றார். நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “நான்தான்ப்பா. இப்ப அதுக்கு என்ன பண்ணச் சொல்றீங்க?” என்றாய். அப்புறம் அவர் பேசினது எதையும் நான் இங்கே எழுதப்போவதில்லை, மனுஷன் ஏறி உட்கார்ற வண்டியில உன் டெய்லர் வேலையைக் காட்டினியாடா என்றதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த டெய்லர்தான் கடைசியில் அவரையே பிடித்துக்கொடுத்தான்.

நீ போனை அணைத்த பிறகு அப்பா சும்மா இருக்கவில்லை. டாக்டர் பானட் செய்த சமயத்தில் நீ தகடு ஒட்டின பானட் எது எது என்று யோசித்து யோசித்து, ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய், வண்டியை எடுக்காதீங்க, என் பையன் வேலை சரியில்லை என்று சொல்லிக் கழற்றிக்கொண்டு வந்தார். பெற்ற பிள்ளையைப் பற்றி ஊரார் வாசலில் நின்று அப்படிச் சொல்ல எப்படி மனசு வந்தது என்று எனக்கு ஆத்திரம், ஆனால் வண்டி ஓட்டுகிறவர்கள் உயிர் என்கிறபோது வாயை மூடிக்கொண்டேன். கொண்டுவந்ததை மேஜையில் கவிழ்த்துப் போட்டுத் தகட்டு ஓரத்தில் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். வரவில்லை. இன்னும் ஓங்கி அடித்தார், பானட்டே விரிசல் விட்டது, ஒட்டு அசையவில்லை. அடுத்ததும் அப்படியே. தப்பிச்சது, ஏதோ நல்ல நேரம் என்று முனகினார். தேய்க்காமல் ஒட்டுகிறவன் ஒன்றில் மட்டுமா தேய்க்காமல் இருப்பான் என்று கேட்டேன். உன் பிள்ளைன்னா உனக்குக் கண்ணு மறைக்கும் என்றார். சரி, அந்தக் கல்யாண வண்டிக்காரர் பானட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்றேன். அது என் கை, அதைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தச் சாம்பல் நிற வண்டியை நினைவிருக்கிறது அல்லவா, கல்யாணம் தவறாமல் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு போகிறதே, அதுதான்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் பார்த்து முடித்து டாக்டரின் உடைந்த பானட் ஒருவழியாக நம் பட்டறைக்கு வந்தது. உள்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயிண்ட், ஒன்றும் தெரியவில்லை. அப்பா உரிந்த ஒட்டைத் தகட்டோடு எடுத்தார், பின்கட்டில் பழைய டிரம் மூடியில் வைத்தார், என்னைக் கூப்பிட்டு, “வா, உன் பிள்ளை செஞ்ச லட்சணத்தை உன் கண்ணாலேயே பாரு” என்று சொல்லி நெருப்பு வைத்தார். ரெசின் எரிந்தால் வருமே அந்தக் கரும்புகை, பக்கத்து வீட்டுக்காரி துணியை எடுக்க ஓடினாள், இன்னும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ரெசின் போனால் கண்ணாடி இழை மட்டும்தான் மிஞ்சும், எத்தனை மேட், எப்படி வைத்தது, எல்லாம் வெள்ளை வெளேரென்று கிடக்கும். புகை அடங்கினதும் அப்பா குச்சியால் ஒவ்வொரு மேட்டாக விலக்கினார். எண்ணிக்கை சரியாக இருந்தது. ஆனால் ஓரம், கண்ணு. ஒரு மேட்டின் ஓரமும் நேராக இல்லை. எல்லாம் பிசிறு பிசிறாக, கலைந்து, கையால் கிழித்த ஓரம். இழை குத்துகிறது என்று கத்தரிக்கோலைக் கீழே வைக்காத டெய்லர் நீ. வெட்டாதேடா, கிழி, கிழிச்சாதான் ஓரம் பின்னிக்கும் என்று உன்னை அதட்டி அதட்டி, தானும் ஒரு நாளும் வெட்டாதவர் அவர். நம் பட்டறையில் மேட்டைக் கிழிக்கிற கை ஒன்றுதான்.

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தபடியே இருந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு தூசி படக்கூடாது என்று கண்ணாடி போட்டு உட்காரவைத்திருந்தோமே, நான் கடைக்குப் போகும் நேரம் பார்த்துப் பட்டறைக்குள் போய் நீ செய்துவைத்த பானட்டுகளில் தகட்டை ஒட்டியிருக்கிறார், டாக்டருடையதும் அதில் ஒன்று என்பதே அவருக்கு மறந்துபோயிருக்கிறது. தேய்த்தால் தூசி கிளம்பும், நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று துணியில் தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டு ஒட்டியிருக்கிறார். தொடைச்சா போதும்னு நெனச்சேன் என்றார், என்னைப் பார்க்காமல், நெருப்பைப் பார்த்து. பிறகு முகம் பேயறைந்த மாதிரி ஆயிற்று. “கல்யாண வண்டி” என்றார்.

போன் போட்டோம், அந்த மனிதர் வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார், நல்ல பழக்கம்தான், அன்றைக்கு எனக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் உலகத்தில் இல்லை என்று தோன்றியது. அவர் மனைவி எடுத்து, இன்றைக்கு முகூர்த்தம், பெண் வீட்டிலிருந்து ஏற்றிக்கொண்டு புறவழிச் சாலையில் வருவார் என்றாள். அப்பா கையைக்கூடக் கழுவவில்லை, ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் ஏறினேன். உன்னைப் பிரசவிக்கப் போன அன்றுகூட அவர் அப்படி ஓட்டவில்லை. வழியெல்லாம் எனக்கு அந்தப் பெண் யாரோ எவளோ, அவள் முகம் மட்டும் மனசில் வந்து வந்து போயிற்று. பாலம் இறங்கினதும் தூரத்தில் சாம்பல் நிற முதுகு தெரிந்தது, பூமாலை கட்டியிருந்தது, ரோடு காலியாக இருக்கிறது என்று அந்த மனிதர் நன்றாக மிதித்துக்கொண்டு போகிறார். அப்பா ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. முந்திக்கொண்டு போய் ஸ்கூட்டரை ரோட்டுக்குக் குறுக்கே போட்டார். வண்டிக்காரர் இறங்கிவந்து கத்தின கத்தலை நான் எழுதினால் தாள் கறுத்துவிடும். அப்பா பதில் பேசாமல் பானட் பூட்டை விடுவிக்கப் போனார். விடுவிக்க வேண்டியிருக்கவில்லை. மூக்கின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் நெம்பினார், உள்ளே பழைய துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம், பூட்டு வண்டியிலேயே நின்றது, தகடு அதிலேயே தொங்கியது, பானட் மட்டும் அவர் கையில் எழும்பி வந்தது. கத்திக்கொண்டிருந்தவர் கப்பென்று நிறுத்திவிட்டார். பின்சீட்டில் அந்தப் பெண் கழுத்தை நீட்டிப் பார்த்தாள், என்ன ஆச்சு அங்கிள் என்றாள், நம் அக்கா வயதுகூட இருக்காது. அப்பா அவளைப் பார்த்துச் சொன்னார், “ஒண்ணும் ஆகலைம்மா. நான் ஒட்டினது சரியில்லை.” அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. பானட்டைக் கழற்றி ரோட்டோரம் வைத்துவிட்டு, எஞ்சின் வாயைப் பிளந்துகொண்டு தெரிய, வண்டி மெதுவாகக் கல்யாணத்துக்குப் போயிற்று. போட்டோவில் அந்த எஞ்சினும் விழுந்திருக்கும்.

இப்போது உன்னிடம் வருகிறேன், தப்பித்தாய் என்று நினைக்காதே. ஏன்டா நீ ஒட்டினதாகச் சொன்னாய். ஆபரேஷன் முடிந்த மனிதர், ஒடிந்துவிடுவார் என்று பாரத்தைத் தூக்கி உன் தலையில் வைத்துக்கொண்டாய், எனக்குத் தெரியும், உன் மனசு எனக்குத் தெரியாதா. அந்த மனசை நினைத்து நான் அடுப்படியில் அழுதேன். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்த பிறகு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நீ அப்படிச் சொன்னதால் அப்பா உன் கை பட்டதையெல்லாம் கழற்றிக்கொண்டு வந்தார், தன் கை பட்டதை ரோட்டில் விட்டுவைத்தார். நல்லதை உளியால் உடைத்தோம், கெட்டதில் ஒரு பெண் உட்கார்ந்து போனாள். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், உன் புளுகு அதற்கு மேலேயே ஓடியது, அதுதான் என் பயம். அப்பாவைக் காப்பாற்றுவது இருக்கட்டும், என்னிடமாவது காதோடு சொல்லியிருக்கக் கூடாதா.

அப்பா மறுநாளே டாக்டர் வீட்டுக்குப் போனார். டாக்டர் கையைக் கட்டுப் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நீங்களே வந்து சொன்னது பெரிசு, ஆனா இனிமே வேலை வேற இடத்துல பாத்துக்கறேன் என்றாராம். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உன்னைப் பற்றித் தப்பாகச் சொன்ன வாசல்களுக்கெல்லாம் திரும்பப் போய் என் வேலைதான், பையன் வேலை இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று தேற்றினேன், ஆனைக்கு சறுக்கினா ஆனை மட்டும்தான் விழும் என்றார். சாப்பாடு பாதியில் எழுந்துவிடுகிறார். இப்போதெல்லாம் ஒரு சின்ன மூடிக்குக்கூட உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து, போதும் விடுங்கள், ஓட்டையாகிவிடும் என்று நான்தான் பிடுங்கவேண்டியிருக்கிறது.

விஷயம் முடியவில்லை. வக்கீல் வண்டிக்குச் செய்த இரண்டு கதவுகளும் அதே கண் மருந்துக் காலத்தில் போனவைதான். கீல் தகடுகளை யார் ஒட்டினது என்று அப்பாவுக்கு நினைவு வரவில்லை, தன் நினைவை அவரே நம்பவும் இல்லை. அந்த ஆளோ பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கிளம்புகிறவர். வண்டியை எடுக்காதீர்கள் என்றால், சந்தேகமா, நிச்சயமா, நிச்சயமென்றால் யார் ஒட்டினது என்று சொல்லுங்கள், அப்போதுதான் புதுசாகப் பெயிண்ட் அடித்த கதவைக் கழற்ற விடுவேன் என்று கோர்ட்டில் கேட்கிற மாதிரி கேட்கிறார். அந்த வாரம் பட்டறையில் இருந்தவன் நீ. உனக்குத் தெரியும்.

இத்துடன் துணியில் சுற்றி உன் பழைய கத்தரிக்கோல் இருக்கிறது, அப்பா கொடுத்தது. அதன் மேல் வருஷக்கணக்காகக் காய்ந்து கிடந்த ரெசினை உட்கார்ந்து சுரண்டி, சாணை பிடித்து, எண்ணெய் போட்டு, டெய்லர்கிட்ட குடுத்துடச் சொல்லு என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை, இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் நான் இவ்வளவு நீளமாக அவர் மன்னிப்புக் கேட்டுப் பார்த்ததில்லை.

கையுறை இல்லாமல் ரெசினில் கலக்கிற ஹார்ட்னரைத் தொடாதே. இருமல் வந்தால் அலட்சியம் பண்ணாதே. நல்ல புத்தியோடும் நல்ல கையோடும் நீண்ட ஆயுளோடு இரு என்று அம்மாவின் ஆசீர்வாதம். இதைப் படித்து முடித்த கையோடு போனை ஆன் பண்ணு, வீட்டுக்கு அடி. அப்பாதான் எடுப்பார், வேறு யாரையும் எடுக்க விடுவதில்லை. கதவு யார் ஒட்டினது என்றுதான் முதலில் கேட்பார். கொஞ்ச நேரம் பேசாமல் நிற்காதே. நீ என்றால் நீ என்று சொல். அவர் என்றால், “நீங்கதான்ப்பா” என்று சொல். அதைக் கேட்பதற்குத்தான் அவர் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் மேல் கோபமும் பாசமும் குறையாத
அம்மா