சப்பாத்துத் துடைக்க மறுத்தவர்

அண்ணை,

நேற்று எல்லை தாண்டிப் போன பஃபலோவில் ஒரு கடைக்காரி மிச்சக் காசாக நீட்டிய அமெரிக்க இருபது டொலர்த் தாளில் அந்த முகம் இருந்தது. கலைந்த தலைமயிர், இறுகிய உதடு. அவர்களுடைய ஏழாவது ஜனாதிபதி. நீங்கள் போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. ஆனாலும் காருக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தத் தாளை மடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கனடாவில், ஸ்காபரோவின் பெரியவர்களுக்கான பள்ளியில், நாங்கள் இருவரும் அமெரிக்க வரலாறு படித்தோம். அந்த மனிதர் நல்லவரா, கெட்டவரா என்று வகுப்பில் வாதிட வேண்டும். நல்லவர் என்ற பக்கத்தை நீங்கள் கேட்டு வாங்கினீர்கள். சிறுவனாகப் போரில் பிடிபட்டவர், எதிரி அதிகாரியின் சப்பாத்தைத் துடைக்க மறுத்தார். அதிகாரி வாளை வீசி அவர் தலையில் வெட்டினான். தாயையும் சகோதரர்களையும் அந்தப் போரே தின்றது. அந்த அநாதை பிறகு நாட்டையே ஆண்டார்.

"என்னை மாதிரி ஆளடா," என்று புருவத்துக்கு மேலிருந்த தழும்பைத் தடவினீர்கள். ஊரில் இலங்கை ஆமிக்காரன் துவக்குப் பிடியால் அடித்தது அது. அதற்குப் பிறகுதான் உங்கள் தம்பி ஆயுதம் தூக்கி இயக்கத்துக்குப் போனான், திரும்பி வரவில்லை.

மறுபக்கம் எனக்கு. அடிமைகளை வைத்திருந்தவர், பூர்வகுடிகளைத் துரத்தியவர். அஜின்கோர்ட்டில் எங்கள் ஆட்கள் கூடும் தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், இதைப் பேசிக்கொண்டிருந்தோம்.

"அவர் போட்ட சட்டத்தாலதான் அந்தச் சனத்தைத் துவக்கு முனையில கிளப்பினவங்கள், அண்ணை. குளிருக்குள்ள நடந்து நடந்து செத்ததுகள்."

"அந்தக் காலம் வேறை."

"எங்கட காலத்தில? யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எங்களுக்கு ஊரைவிட்டுப் போக ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவங்கள். வெளிக்கிடேக்க என்ர தங்கச்சியின்ர தோட்டைக்கூடச் சோதனை வாசலில கழட்டினது உங்கட இயக்கப் பெடியள்தான்."

அடுத்த மேசைக்காரன் எழும்பினான். "துரோகி! இங்க வந்தும் பெடியளைப் பற்றிக் கதைக்கிறியோ?" சோடாப் போத்தலை மேசை விளிம்பில் உடைத்து என் முகத்தை நோக்கிக் குத்தினான். குறுக்கே வந்தது உங்கள் கை. உள்ளங்கை பிளந்து இரத்தம் சோற்றில் கொட்டியது.

அதோடு நிற்கவில்லை நீங்கள். அவனை விழுத்தி, கதிரையைத் தூக்கி அடித்தீர்கள். அவன் பல் உடைந்து தரையில் கிடந்தது. அவன் கைகூப்பினான். மறுபடியும் அடித்தீர்கள். நான் உங்கள் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தபோது, என்னையும் உதறி எறிந்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்ட பிறகுதான் வாய் திறந்தீர்கள்.

"அவன் கும்பிட்டதைக் கண்டனான். கண்ட பிறகும் அடிச்சனான். அடிக்க அடிக்க நல்லா இருந்தது."

நான் தண்ணீர்க் குவளையை உங்கள் பக்கம் நகர்த்தினேன்.

"என்ர தம்பியும் அந்த வாசலில நிண்டிருப்பான், என்ன?"

"தெரியாது, அண்ணை."

"நிண்டிருப்பான்," என்றீர்கள். கட்டுப்போட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதீர்கள்.

வகுப்பில் உங்கள் முறை வந்தபோது, உடைந்த ஆங்கிலத்தில் நீங்கள் சொன்னதை நம் தமிழில் நினைவில் வைத்திருக்கிறேன். "சப்பாத்துத் துடைக்காத பெடியனும் அவர்தான். ஒரு சனத்தை விரட்டினதும் அவர்தான். வெட்டு வாங்கினவன் எண்டதுக்காக, அவர் வெட்டினது இல்லையெண்டு ஆகாது." பிறகு, வாதத்தை முடிக்காமலே, என் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தீர்கள்.

உங்கள் இதயம் நின்ற செய்தியை அஜக்ஸிலிருந்து உங்கள் அக்கா தொலைபேசியில் சொன்னார். அன்று தொழுகையில் உங்களுக்காகக் கையேந்தினேன். உங்கள் தம்பியின் பெயரும் தானாக வந்தது. நாக்கு இடறியது, ஆனாலும் சொல்லி முடித்தேன். இப்போது ஒவ்வொரு வெள்ளியும் சொல்கிறேன். அந்த வாசலை நான் மன்னிக்கவில்லை, அண்ணை. அவனுக்காக இறைவனிடம் கேட்பதை நிறுத்தவும் முடியவில்லை.