இடைவெளி இல்லாத சொல்

அக்டோபர் 23, வியாழன்

மாதவராஜ் காலைச் சிற்றுண்டி முடிந்ததும் பெங்களூருக்குக் கிளம்பிவிட்டான். தீபாவளிக்கு வந்த மகன் பாதி நேரம் கணினிப் பெட்டியோடு மேசைக்கு அடியில்தான் இருந்தான். அவன் அப்பா தக்காளி விலை பார்ப்பதற்காக வாங்கிய கணினி அது. அவர் காலமான பிறகு என்னுடையது. பழைய விண்டோஸை இனி யாரும் கவனிக்க மாட்டார்களாம், புதியது இந்தப் பெட்டியில் ஏறாதாம்.

"லினக்ஸ் போட்டுத் தரேன்ம்மா. காசு கிடையாது. திருட்டும் கிடையாது."

திருட்டு கிடையாது என்றதால்தான் சம்மதித்தேன்.

எல்லாவற்றையும் ஏற்றி முடித்துவிட்டு, "பென் டிரைவ எடுத்துட்டு என்டர் தட்டு, தானா எழுந்து வரும். நான் டிராஃபிக்குக்கு முன்னாடி அத்திப்பள்ளி தாண்டணும், மாட்டுனா அவ்ளோதான்" என்று காரில் ஏறினான்.

என்டர் தட்டினேன். ஒரு சின்னம் வந்தது. அதன் கீழே ஒரு வளையம் சுற்றியது. நின்றது.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தேன். வளையம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. எந்த விசையை அழுத்தினாலும் அசைவில்லை.

அக்டோபர் 24, வெள்ளி

அணைத்துப் போட்டேன். அதே சின்னம், அதே வளையம், அதே இடம்.

செய்ய வேண்டிய வேலை காத்திருக்கிறது. பள்ளியின் நூற்றாண்டு மலரில் ஆங்கிலப் பகுதி முழுவதையும் பிழை திருத்தித் தருவதாக மதரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன். நான் படித்த கான்வென்ட், பிறகு ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றதும் அங்கேதான். டிசம்பர் எட்டு விழா. நவம்பர் நடுவில் அச்சுக்குப் போக வேண்டும். பாதிக்கு மேல் முடித்து அனுப்பியிருந்தேன். மீதிக் கோப்பு என்னுடைய வேறொரு பென் டிரைவில் பத்திரமாக இருக்கிறது. அதைத் திறக்க ஓர் இயந்திரம்தான் இல்லை.

மலரை ஒருங்கிணைக்கும் காவியா என் பழைய மாணவி, இப்போது அங்கே ஆசிரியை. "பிரிண்ட் எடுத்து அனுப்பட்டுமா மிஸ்?" என்று முதலிலேயே கேட்டாள். காகிதத்தை வீணாக்காதே, மின்னஞ்சலில் அனுப்பு, நான் ஒன்றும் போன நூற்றாண்டுக்காரி இல்லை என்று சொன்னவள் நான்தான்.

முக்கியமாக, செல்லியைப் பற்றிய கட்டுரையை இன்னும் தொடவில்லை. எங்கள் பள்ளியில் மணியடித்து, கூட்டி, அழும் பிள்ளைகளின் மூக்கைத் துடைத்தே கிழவியான ஆயா. யாரோ ஒரு பழைய மாணவி அமெரிக்காவிலிருந்து எழுதியிருக்கிறாள். மேலோட்டமாகப் பார்த்தபோது செல்லியின் பெயர் வந்த இடமெல்லாம் கணினி சிவப்புக் கோடு போட்டது. போடட்டும் என்று விட்டேன். இன்னொரு முறை நிதானமாகப் படிக்க வேண்டிய கட்டுரை அது.

அக்டோபர் 28, செவ்வாய்

மாதவராஜிடம் சொன்னேன். "விடும்மா, ஞாயித்துக்கெழம போன்ல பாக்கலாம்" என்றான். ஞாயிறு வர எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியுமா?

நவம்பர் 2, ஞாயிறு

ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். திரைக்கான கார்டுதான் தகராறு என்கிறான். அவன் ஏற்றும்போது வேறு வழியில் சமாளித்து ஏற்றினானாம், அதனால் அப்போது நிற்கவில்லையாம். இனி அது தானாக எழும்போது அதற்கு ஒரு சொல் சொல்ல வேண்டும்.

போட்டவுடன் ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு பட்டியல் வரும். அதில் 'இ' தட்டினால் பக்கம் நிறைய எழுத்து வரும். லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் க்வயட், ஸ்பிளாஷ் என்று இரண்டு சொற்கள் இருக்கும். அவற்றுக்குப் பின்னால் எழுத வேண்டும்.

"நோ மோட் செட்னு அடி."

"அது வாக்கியமே இல்லையே."

"வாக்கியம் இல்லம்மா. சும்மா அடி. ஸ்பெல்லிங் சொல்லட்டா?"

'நோ'வுக்கும் 'மோட்'டுக்கும் 'செட்'டுக்கும் எனக்கு இவன் எழுத்துக் கூட்டிச் சொல்கிறான். தேவையில்லை என்றேன். அடித்தேன், எஃப் பத்தைத் தட்டினேன்.

சின்னம். வளையம். நின்றது.

"சரியா அடிச்சியா?"

என் வாழ்நாளில் யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி.

நவம்பர் 5, புதன்

நான் எழுதியதை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை அணைத்துப் போடும்போதும் மறுபடி அந்தப் பக்கத்துக்குப் போய் மறுபடி எழுத வேண்டும். ஷிப்டைப் பிடிக்கச் சற்றுத் தாமதமானால் பட்டியலே வராது, நேரே வளையத்துக்குப் போய் நின்றுவிடும். காலை முழுவதும் இதுதான். நடுவில் மின்சாரமும் போனது.

எழுத்தெல்லாம் சரி. பெரிய எழுத்து எங்கும் இல்லை. முற்றுப்புள்ளி வைக்கவில்லை. வேறென்ன சரியாக இருக்க வேண்டும்?

நவம்பர் 8, சனி

பாலக்கோடு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் சிவக்குமாரை வரச் சொன்னேன். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பார்த்தார்.

"லினக்ஸாங்கம்மா? வூட்டுக்கு எதுக்குங்க இது? இத அழிச்சுட்டு விண்டோஸ் ஏத்திடறேன். டீ போட்டு வைக்கிறதுக்குள்ள ஆயிடும்."

"இந்தப் பெட்டியில் ஏறாது என்றானே என் மகன்."

"ஏறாததை ஏத்துறதுக்குத்தானுங்க நாங்க இருக்கறோம்."

"லைசென்ஸ் இருக்கிறதா?"

"லைசென்ஸா? நீங்க என்ன டிரைவிங்கா பண்ணப் போறீங்க?"

தன் நகைச்சுவையில் அவரே மகிழ்ந்தார். வேண்டாம் என்றேன். போகும்போது வாசலில், "டீச்சர் வூட்டுல எல்லாத்துக்கும் ரூல்ஸு" என்று யாரிடமோ போனில் சொன்னது காதில் விழுந்தது.

சம்மதித்திருந்தால் இந்நேரம் செல்லி கட்டுரையில் இருந்திருப்பேன். திருட்டுச் சரக்கில் உட்கார்ந்து கன்னியாஸ்திரிகளின் மலரைத் திருத்துவதா? இல்லை. ஆனாலும்.

நவம்பர் 10, திங்கள்

காவியா பேசினாள்.

"எது வரைக்கும் வந்திருக்கு மிஸ்?"

"நடக்கிறது."

"ஒண்ணும் சிரமம் இல்லையே?"

"எனக்கு என்ன சிரமம்?"

போனை வைத்தேன். எது நடக்கிறது? ஒன்றும் நடக்கவில்லை. அவளிடம் "கணினி எழவில்லை, காகிதத்தில் அனுப்பு" என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியம் வாய்க்கு வரவில்லை.

நவம்பர் 12, புதன்

பாலக்கோட்டில் பிரவுசிங் சென்டர் போனேன். பட்டா எடுக்கிறவர்கள், தேர்வுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், ஆதாரில் பிறந்த தேதி மாற்றுகிறவர்கள். எனக்குக் கொடுத்த விசைப்பலகையில் பாதி எழுத்து அழிந்திருந்தது. கோப்பைத் திறந்தேன். ஒரு பத்தி முடிப்பதற்குள் பின்னால் நின்ற ஒருவர், "ஆயா, இன்னும் எம்புட்டு நேரமுங்க?" என்றார். கண்புரை எடுத்த கண்ணில் நீர் வழிந்தது. அழுகிறேன் என்று நினைத்துவிட்டார் போலும், "இருங்க இருங்க, மெதுவாப் பாருங்க" என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை. எழுந்து வந்துவிட்டேன்.

கைப்பேசியில் திறந்தால் எழுத்து எறும்பு போல இருக்கிறது. பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடுகிறது.

நவம்பர் 14, வெள்ளி

"அந்த க்வயட்ட எடுத்துடும்மா. அது இருந்தா ஒண்ணும் சொல்லாது. எடுத்தாத்தான் எங்க நிக்குதுன்னு வாய் திறக்கும்" என்றான் மாதவராஜ்.

வாயை மூடிக்கொண்டிரு என்று அதற்கே உத்தரவு போட்டுவிட்டு, ஏன் பேசவில்லை என்று இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். எடுத்தேன். கறுப்புத் திரையில் வரிகள் மடமடவென்று ஓடின. ஒரு வரியில் நின்றன. படம் பிடித்து அவனுக்கு அனுப்பினேன். மாலைதான் பதில் வந்தது. "மீட்டிங்ல இருந்தேன்மா. அந்தப் பொட்டியோட மல்லுக்கட்டாத. பொங்கலுக்கு வரும்போது பாத்துக்கறேன்."

பொங்கலுக்கு! பொங்கலுக்கு யாருக்கு வேண்டும்? நாளைக்கு வேண்டும்டா. சொன்னால் புரியுதா இவனுக்கு?

நவம்பர் 16, ஞாயிறு

தொடவில்லை. மேலே துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நவம்பர் 19, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஏதாவது எழுதுவதற்கு முன் அந்த ஒரு வரியை, வகுப்பில் வாக்கியத்தைப் பிரித்துக் காட்டுவது போல, தொடக்கத்திலிருந்து படித்தேன். பொருளே இல்லாத சொற்கள். எந்த அகராதியிலும் இல்லாதவை. ஆனால் எல்லாம் ஒட்டி எழுதியவை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. ஆர்ஓ, இடைவெளி. க்வயட், இடைவெளி. ஸ்பிளாஷ்.

அப்படியானால் இங்கே இடைவெளி என்பது ஓர் உத்தரவு முடிந்து அடுத்தது தொடங்குவதற்கான அடையாளம். நான் என்ன எழுதியிருக்கிறேன்? நோ. மோட். செட். மூன்று உத்தரவுகள். மூன்றும் அதற்குத் தெரியாதவை. அதனால் மூன்றையும் மரியாதையாக ஒதுக்கிவிட்டுத் தன் வழியே போய் நின்றிருக்கிறது.

மூன்று நல்ல ஆங்கிலச் சொற்கள் காதில் விழுந்தன, நல்ல ஆங்கிலத்தில் பிரித்து எழுதினேன். ஸ்பெல்லிங் சொல்லட்டா என்று கேட்டான். தேவையில்லை என்றேன்.

சேர்த்து எழுதினேன். நோமோட்செட். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. எஃப் பத்து.

வளையம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. திரை வந்துவிட்டது. பச்சை மலை ஒன்றின் படம்.

சில நாளாகப் பார்க்காமலே விட்டிருந்த மின்னஞ்சலை உடனே திறந்தேன். காவியாவிடமிருந்து ஒன்று, திங்கட்கிழமை வந்தது. 'மிஸ், நீங்கள் மேற்கொண்டு ஒன்றும் அனுப்பாததால் உடம்பு சரியில்லையோ என்று மதர் கவலைப்பட்டார்கள். தொந்தரவு செய்ய வேண்டாம் என்றார்கள். மீதிப் பக்கங்களை ஏஐயில் போட்டுத் திருத்தி, இன்று அச்சுக்கு அனுப்பிவிட்டோம். நன்றியுரையில் உங்கள் பெயர் இருக்கிறது.'

போன் செய்தேன்.

"செல்லி கட்டுரையைப் பார்த்தாயா?"

"எல்லாம் பாத்துடுச்சு மிஸ். ஒரு தப்பு விடலை."

பாத்துடுச்சு என்றாள். பார்த்தேன் என்று சொல்லவில்லை.

நவம்பர் 20, வியாழன்

கணினியை அணைக்கவில்லை. அணைத்தால் மறுபடி எழாதோ என்று பயம். செய்ய வேலை ஏதும் இல்லை. வெறுமனே ஓடிக்கொண்டிருக்கிறது.

நவம்பர் 23, ஞாயிறு

மின்சாரம் போய் அதுவாகவே அணைந்தது. மறுபடி எழுதினேன், ஒட்டி. எழுந்தது.

டிசம்பர் 8, திங்கள்

விழா. மலர் கனமாக, வழவழப்பாக இருக்கிறது. நன்றியுரையில் என் பெயரைப் பார்க்கவில்லை. செல்லியின் கட்டுரையைத் தேடினேன்.

'ஷெல்லி.' தலைப்பில் ஷெல்லி. மணியடித்தவள் ஷெல்லி. மூக்கைத் துடைத்தவள் ஷெல்லி. மற்றபடி ஒரு பிழை கிடையாது. காற்புள்ளிகூட இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது.

செல்லியை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் மகள் தீர்த்தம்மாள். இங்கேயே படித்தவள், ஆங்கில எழுத்துக் கூட்டத் தெரியும். அவள் விரல் பக்கத்தில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"மிஸ், போட்டோ எங்கம்மாதுங்க. பேரு மட்டும் எஸ்ஸுல ஆரம்பிக்குது. ஆதார் கார்டுல 'சி'தானுங்களே?"

"என்னடி போட்டிருக்குது?" என்றாள் செல்லி.

"ஷெல்லின்னு போட்டிருக்குதும்மா."

செல்லி என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அது யாருங்க டீச்சர்? எனக்கு மின்னாடி மணி அடிச்சவளா?"

மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இயந்திரத்தைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். பிறகு திட்டுவதை நிறுத்தினேன். அதற்குத் தெரியாத ஒரு பெயர் வந்தது, தெரிந்த பெயராக மாற்றி நேர்த்தியாக எழுதிவிட்டது. நான் நவம்பர் முழுவதும் வேறென்ன செய்தேன்? அதுவும் நானும், இரண்டு பேரில் எவரும் கேட்டுப் பார்க்கவில்லை.

டிசம்பர் 10, புதன்

காவியாவுக்குப் போன் செய்தேன். கணினி எழாததையும், நான் சொல்லாததையும் சொன்னேன்.

"சொல்லியிருந்தா நானே பிரிண்ட் எடுத்துட்டு பஸ் ஏறி வந்திருப்பேன் மிஸ்."

"தெரியும்."

மலர்ப் பிரதிகளில் பெரும்பகுதி விழாவன்றே கொடுத்தாகிவிட்டது. துபாய்க்கும் அமெரிக்காவுக்கும்கூடப் போய்விட்டன. அவற்றில் அவள் ஷெல்லியாகவேதான் இருப்பாள், அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அலுவலகத்தில் ஒரு கட்டு மீதி இருக்கிறதாம். நூலகப் பிரதியும் இருக்கிறது. செல்லி வீட்டுப் பிரதியும். அவற்றிலாவது பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம், எழுதி அனுப்புங்கள் மிஸ் என்றாள்.

டிசம்பர் 11, வியாழன்

காலையில் கணினியைப் போட்டேன். ஷிப்ட், 'இ', வரியின் கடைசி, ஒட்டி ஒரு சொல். வந்தது.

சீட்டை ஆங்கிலத்தில் அடித்தேன். கட்டுரை நெடுகிலும் ஷெல்லி என்பதைச் செல்லி என்று படிக்கவும். அவ்வளவுதான். அடித்துவிட்டு, தீர்த்தம்மாளைப் போனில் கூப்பிட்டு, ஆதார் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொன்னேன்.

"செல்லின்னு எழுத உங்களுக்குத் தெரியாதுங்களா மிஸ்?" என்று சிரித்தாள்.

"நீ சொல்லு."

சொன்னாள். சரிபார்த்தேன்.

திரையில் ஷெல்லி கோடு எதுவும் இல்லாமல் சுத்தமாக இருந்தாள். செல்லிக்கு அடியில் இந்தப் புது லினக்ஸும் சிவப்புக் கோடு போட்டிருந்தது. முன்பு போல, போடட்டும் என்று விடவில்லை. பெயரின் மேல் மவுஸின் வலது பக்கத்துப் பொத்தானை அழுத்தினேன். அது தனக்குத் தெரிந்த பெயர்களை வரிசையாக நீட்டியது. அவற்றைத் தாண்டிக் கீழே 'அகராதியில் சேர்' என்று இருந்தது.

சேர்த்தேன். கோடு போய்விட்டது.