மிதித்து நொறுக்கிய விளக்கு

சனிக்கிழமை, இரவு

நானும் சிநேகிதி மேரியும் செய்த சின்ன ராக்கெட்டை இருட்டியதும் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளை ஒட்டிய மைதானத்தில் ஏவ இருந்தோம். அதில் எல்இடி விளக்குகளை நான்தான் பொருத்தினேன். அவை எரிந்ததும் என் அண்ணன் ஓடி வந்து ராக்கெட்டைப் பிடுங்கி மிதித்து நொறுக்கினான்.

"லயத்துக் கூரையில விழுந்து பத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

"எங்க விழுதுன்னு பாத்து அங்க ஓடிப் போகத்தானே அண்ணே இந்த லைட்டு" என்றாள் மேரி. அவளை அறைந்தான். ராக்கெட்டைச் செருகி நிறுத்த மண்ணில் நட்டிருந்த இரும்புக் கம்பியை உருவி அவன் நெற்றியில் அடித்தேன்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் என்ன நடந்தது என்று கேட்டார்.

"படியில வழுக்கி விழுந்துட்டேங்க" என்றான் அண்ணன். என்னைப் பார்க்கவே இல்லை.

கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். அடிக்கும்போது அது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது.